காண்டஸாவும் மாருதியும்: இரண்டு சாவியையும் வைத்திருந்த டிரைவரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். காண்டஸா ராஜா, மாருதி 800 தகர டப்பா என்ற தோரணையில் எழுதியிருந்தார் கட்டுரையாளர். போகிற போக்கில், 15 வருடம் தாண்டிய கார் எல்லாமே உடைக்கப் போகவேண்டியதுதான் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். முதல் பேச்சில் எனக்கு வழக்கு இருக்கிறது. இரண்டாவது பேச்சு தப்பு. அதை நம்பி எங்கள் பக்கத்தில் ஆட்கள் நல்ல வண்டியை ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, தள்ளப் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் இல்லையென்றால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் தக்கலைக்காரன். வயது எழுபதை நெருங்குகிறது. முந்திரி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வாழ்நாளின் பெரும்பகுதி டிரைவராக இருந்தேன். முதலாளிக்குக் காண்டஸா. வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும் மாருதி. இரண்டு சாவியும் ஆபீஸ் அறையில் ஒரே ஆணியில் தொங்கும். காலையில் சின்ன வண்டி, பத்து மணிக்கு மேல் பெரிய வண்டி, சாயங்காலம் திரும்பவும் சின்ன வண்டி. ஒரே நாளில் ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறுகிறவனுக்கு இரண்டின் குணமும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தெரியும். காண்டஸாவிலிருந்து இறங்கி மாருதியில் உட்கார்ந்தால் கொஞ்ச தூரத்துக்குக் கால் பிரேக்கை அளவுக்கு மேல் மிதிக்கும், கை தேவைக்கு மேல் ஸ்டியரிங்கைத் திருப்பும். மறுபடி பெரியதில் ஏறினால், திருப்பச் சொன்ன பிறகு வண்டி யோசித்துத்தான் திரும்பும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். காண்டஸா நீளம் கிட்டத்தட்ட 4.6 மீட்டர். மாருதி 3.3 மீட்டர் சொச்சம். அகலத்தில் ஒன்று 1.7 மீட்டர், மற்றது 1.44. எடை ஒன்றுக்கு சுமார் 1,200 கிலோ, இன்னொன்றுக்கு சுமார் 650. அதாவது ஒரு காண்டஸாவின் இரும்பில் ஏறக்குறைய இரண்டு மாருதி செய்யலாம். காண்டஸாவில் பின்சக்கரம் வண்டியைத் தள்ளும், மாருதியில் முன்சக்கரம் இழுக்கும். காண்டஸாவின் பானட் மட்டுமே தனியாக ஒரு திண்ணை அளவு இருக்கும். மாருதியில் முன்பக்கம் எங்கே முடிகிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணால் அளந்துவிடலாம்.

இரண்டும் நம் நாட்டு ரோட்டுக்கு வந்தது ஏறக்குறைய ஒரே சமயம். 1983 டிசம்பர் 14-ம் தேதி டெல்லியில் ஹர்பால் சிங் என்பவருக்கு முதல் மாருதியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். ஜப்பான்காரர்களின் சுசுகி, 796 சிசி, மூன்று சிலிண்டர். 1986-ல் உருவம் மாறி, நாம் எல்லோருக்கும் பழக்கமான அந்த வடிவம் வந்தது. காண்டஸா 1984-ல் வந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில், அம்பாசிடர் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸில் செய்தார்கள். உடம்பு அவர்கள் வரைந்தது அல்ல. இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி 1972-ல் கொண்டுவந்து, எழுபதுகளின் கடைசியில் நிறுத்திவிட்ட ஒரு காரின் உடம்பு அது. ஒருவன் புதிதாக ஜப்பானிலிருந்து வந்தான், மற்றவன் இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற பிறகு இங்கே வேலைக்குச் சேர்ந்தான் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு அந்த மாதிரிப் பேச்சு வரும்.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. முதலில் வந்த காண்டஸாவில் இருந்தது அம்பாசிடரின் இஞ்சின். 1,489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். அதைத்தான் முதலாளி முதலில் வாங்கினார். மாருதிக்கோ 37 குதிரை. ஐம்பது பெரிதா முப்பத்தேழு பெரிதா என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆனால் எடையைக் கொண்டு வகுத்துப் பாருங்கள். மாருதியில் ஒரு குதிரைக்கு 17, 18 கிலோ பாரம். அந்த முதல் காண்டஸாவில் ஒரு குதிரைக்கு 24 கிலோ. ராஜா என்று நீங்கள் சொன்னவர் ஏற்றத்தில் மூச்சு வாங்கினார் என்பதுதான் நிஜம்.

இதை நான் காகிதத்தில் கண்டுபிடிக்கவில்லை. பொன்முடிக்குக் குடும்பத்தோடு போனபோது பார்த்தேன். திருவனந்தபுரம் தாண்டி மலை ஏறும்போது 22 கொண்டை ஊசி வளைவு. காண்டஸாவை நான் ஓட்ட, முதலாளியின் மைத்துனர் மாருதியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். பாதி மலையில் ஹாரன் அடித்து எங்களை முந்திக்கொண்டு போய்விட்டார். முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "எடே, நம்ம வண்டி பெருசுதானே, அவன் எப்பிடி முன்னால போறான்?" என்றார். "மொதலாளி, உடம்புதான் பெருசு, நெஞ்சு அம்பாசடருக்க நெஞ்சுல்லா" என்றேன். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் வண்டி தளரும், திரும்ப இரண்டுக்கே வரவேண்டும். வெப்பம் காட்டும் முள் மேலே போனபடியே இருக்கும். ரேடியேட்டருக்கு ஊற்ற டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர் வைத்திருப்பேன்.

ஆனால் மாருதியின் கணக்கும் ஆள் ஏற ஏற மாறும், அதையும் மறைக்கக் கூடாது. நாலு பேர், கூட இரண்டு பெட்டி என்றால் கிட்டத்தட்ட 280, 300 கிலோ. பெரிய வண்டிக்கு அது கால்பங்கு கூடுதல். சின்ன வண்டிக்கு அதன் எடையில் பாதி. தனியாக ஓட்டும்போது துள்ளுகிற மாருதி, அம்மாவும் மூன்று பிள்ளைகளும் பெட்டியோடு ஏறியபிறகு குலசேகரம் ரோட்டு ஏற்றத்தில் கெஞ்சும். அப்போது கியரைக் குறைத்து, இஞ்சினைக் கத்தவிட்டு ஓட்ட வேண்டும். கத்தவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அந்தச் சின்ன ஜப்பான் இஞ்சினின் பெருமை.

பிறகு ஐசூசு என்ற ஜப்பான் கம்பெனியின் இஞ்சின் வைத்த காண்டஸா வந்தது. 1,817 சிசி, ஐந்து கியர், 85 குதிரைக்கு மேல். முதலாளி பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்தார். அங்கேதான் கதை மாறுகிறது. ஒரு குதிரைக்கு 14 கிலோதான். பழைய காண்டஸாவை மட்டும் ஓட்டியவன் அதில் ஏறினால் வேறு வண்டி என்றே நினைப்பான். கட்டுரையாளர் எந்தக் காண்டஸாவைப் பற்றி எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் வெளியே பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு ஜாதி. இதைச் சொல்லாமல் காண்டஸாவையும் மாருதியையும் ஒப்பிட்டு எழுதுவது பாதி வேலை.

அந்த ஐசூசு வண்டியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு முதலாளியைக் கொண்டுபோன நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கை துறுதுறுக்கும். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டியதும் ரோடு நிமிர்ந்துவிடும். வள்ளியூர், நாங்குநேரி என்று ஒரே மட்டம். ஐந்தாம் கியரில் போட்டால் இஞ்சின் சத்தம் பேச்சுக்குக் கீழே போய்விடும். பின்சீட்டில் முதலாளி காலை நீட்டிக்கொண்டு கணக்குப் பார்ப்பார், சில நாள் உறங்கியும் விடுவார். மாருதியின் பின்சீட்டில் யாரும் காலை நீட்டி நான் கண்டதில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் இத்தனை காற்றாலை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு மேற்கிலிருந்து வருகிற காற்று பக்கவாட்டில் அடித்தால் மாருதி ஒரு முழம் விலகும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பியபடியே ஓட்ட வேண்டும். எதிரே லாரி வந்தால், லாரி நம்மைக் கடக்கிற அந்த ஒரு நொடி காற்று நின்றுபோகும், திருப்பி வைத்த ஸ்டியரிங் லாரிப் பக்கமே இழுக்கும், அடுத்த நொடி காற்று மறுபடி அடிக்கும். பழகாதவன் பயந்துவிடுவான். காண்டஸாவில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்று அடிப்பது தென்னை ஆடுவதைப் பார்த்துத்தான் தெரியும்.

இவ்வளவும் மெயின் ரோட்டுக் கதை. நம் மாவட்டத்தில் எத்தனை பேர் மெயின் ரோட்டில் வாழ்கிறார்கள்? கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் ரோட்டை ஒட்டி வரிசையாக இருக்காது. விளை என்கிற மேட்டுத் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு, அதற்கு அப்பால் ஒரு விளை, பிறகு இன்னொரு வீடு. இரண்டு பக்கமும் கையாலை என்கிற வேலிச்சுவர் கட்டிய பாதை வழியாக ஏறி இறங்கிப் போக வேண்டும். நாகர்கோவில் பக்கம் வந்தால் அனந்தனாறு சானல் கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வாழைத்தோட்டம், நடுவில் ஒரு வண்டிக்கான இடம். காண்டஸாவை அப்படிப்பட்ட பாதையில் இறக்கினால் திருப்ப இடம் கிடையாது. போன வழியே ரிவர்ஸில்தான் வரவேண்டும், அதுவும் பின்னால் ஒருவன் இறங்கி நின்று "வரட்டும், வரட்டும், நில்லு" என்று சொல்ல. ஆலையில் வேலை செய்த பெண்கள் யாருக்காவது ராத்திரியில் வலி கண்டு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் வந்து நின்றால், முதலாளி ஒரு வார்த்தைதான் சொல்வார்: "சின்னத எடு." பெரியது அந்த வீட்டு முற்றம் வரை போகாது என்பது அவருக்கும் தெரியும். மாருதி 4.4 மீட்டர் ஆரத்தில் திரும்புகிற வண்டி. முற்றத்தில் கிணறும் தொழுவமும் இருந்தாலும் ஒரே முயற்சியில் திருப்பிவிடலாம்.

கல்யாணம் என்றால் காண்டஸாதான். அதில் பேச்சே இல்லை. மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து இறங்கி வரும்போது தோவாளைப் பூவில் சரம் கட்டி, அந்த நீள பானட் மேல் போட்டு நிறுத்தினால் அதற்கு ஈடு வேறு வண்டி கிடையாது. தெரிந்தவர்கள் கேட்டால் முதலாளி வாடகை வாங்காமல் அனுப்புவார். பெட்ரோல் மட்டும் அவர்கள் போட வேண்டும். அதிலேயே பலர் முகம் சுருங்கும். டவுனுக்குள் லிட்டருக்கு எட்டு, நெடும்பாதையில் பத்து என்பதுதான் எங்கள் வண்டி கொடுத்தது. மாருதி மார்த்தாண்டம் நெரிசலில் நின்று நின்று போனாலும் பதினைந்துக்குக் குறையாது, நல்ல ரோட்டில் பதினெட்டைத் தாண்டும்.

முதலாளி மாருதியை விற்க முடிவு செய்தபோது நானே எடுத்துக்கொண்டேன். அந்த நாலு கியர், கார்புரேட்டர் வண்டிதான் இன்றும் என்னிடம் ஓடுகிறது. ஐசூசு காண்டஸா இப்போது முதலாளியின் மகனிடம் ஷெட்டில் நிற்கிறது. மாதம் ஒரு தடவை நான் போய் ஸ்டார்ட் செய்து, குமாரகோவில் வரை ஓட்டிவிட்டு வருவேன். கூலி வாங்குவதில்லை.

வொர்க்ஷாப் கதைக்கு வருகிறேன். மாருதிக்குச் சாமான் தேடி நான் அலைந்ததே இல்லை. அதே 796 சிசி இஞ்சினை மாருதியின் ஆம்னி வேனிலும் வைத்தார்கள், அதனால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த ஸ்பேர் கடையிலும் கேட்டதைத் தருவார்கள். கிளட்ச் கேபிள் ஒன்று டிக்கியில் கிடந்தால் போதும், ரோட்டோரத்தில் நானே மாற்றிவிடுவேன். காண்டஸாவுக்கு இஞ்சின் சாமானில் கஷ்டம் குறைவு, ஏனென்றால் அதே ஐசூசு இஞ்சினைத் தொண்ணூறுகளில் அம்பாசிடரிலும் போட்டார்கள். கஷ்டம் எல்லாம் உடம்புச் சாமானில். முன் கண்ணாடி, பின் விளக்கு, கதவு பீடிங், பம்பர் முனை. 2002-ல் காண்டஸாவை நிறுத்திவிட்டார்கள். ஒரு பின் விளக்கு மூடிக்காக முதலாளி மகன் கோயம்புத்தூர் வரை ஆள் விட்டுத் தேடினார்.

துருதான் நம் மாவட்டத்தில் இரண்டு வண்டிக்கும் எமன். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவாகப் புரியாது. நமக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இரண்டு மழைக்கு நடுவில் கடற்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் வண்டியை இரவில் வெளியே விட்டால் காலையில் கண்ணாடியில் விரலால் எழுதலாம், அத்தனை உப்பு. மாருதியின் தகடு மெல்லிசு. துரு வெளியே தெரிந்தால் அன்றே அது உள்ளே ஓட்டை போட்டிருக்கும். காலடியில் விரித்த மேட்டை எடுத்துப் பார்த்தால் தரை வழியாக ரோடு தெரிந்த மாருதிகளை நான் பார்த்திருக்கிறேன். காண்டஸாவின் தகடு தடிமன், ஆனால் தண்ணீர் தேங்குகிற மூலைகள் அதில் அதிகம். பின் கண்ணாடியின் கீழ் ஓரம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழி, கதவின் அடிப்பாகம். மெல்லிய வண்டி சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும், தடித்த வண்டி கடைசிவரை மறைக்கும். வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காண்டஸா பார்க்கப் போனால் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், டிக்கி மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

இப்போது பங்க்குகளில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த இரண்டு வண்டியும் பிறந்த காலத்தில் யாரும் இதை நினைத்திருக்கவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை இளக்கும். நிற்கிற வண்டிக்குத்தான் கெடுதல் அதிகம். நான் மாருதியின் பெட்ரோல் குழாய்களையும் பம்பின் ரப்பரையும் மாற்றிவிட்டேன், பெரிய செலவு இல்லை. காண்டஸாவுக்கும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், சின்ன முதலாளி இன்னும் செய்யவில்லை. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே பானட்டைத் திறந்து பாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கட்சி கட்ட மாட்டேன். காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் இன்றைய வண்டிகள் போகிற வேகத்தில், மாருதியில் என் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வராது. அந்த மெல்லிய கதவுக்கும் என் தோளுக்கும் நடுவில் அரை சாண்தான். காண்டஸாவில் இரும்பு அதிகம், ஆனால் காற்றுப்பை அதிலும் கிடையாது. இரண்டும் ஊருக்குள் ஓட வேண்டிய வண்டிகள் இப்போது.

இனி நீங்கள் வெட்டக் கூடாத பகுதி.

15 வருடம் தாண்டிய காரை உடைத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் சொந்த வண்டிகளுக்கு இல்லை. கட்டுரையாளர் இரண்டு விஷயங்களைக் குழப்பியிருக்கிறார். ஒன்று, டெல்லியிலும் அதைச் சுற்றியும் 15 வருடப் பெட்ரோல் வண்டிக்கும் 10 வருட டீசல் வண்டிக்கும் வந்த தடை. அது நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும் அந்த ஊர்க் காற்றுக்காகப் போட்டது. இன்னொன்று, 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்பது. அது அரசாங்க வண்டிக்கு. நம் சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, அது ஓடத் தகுதியானது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால், ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்துத் தருவார்கள். அதன்பிறகும் அப்படியே.

உடைக்கச் சொல்லவில்லை, ஆனால் கட்டணத்தை ஏற்றியிருக்கிறார்கள். அங்கேதான் என் மனத்தாங்கல். புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது 5,000. இப்போது 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டிய கார் என்றால் 10,000. இதுபோக மாநிலத்தின் பசுமை வரி வேறு. என் மாருதிக்கும் 10,000, சின்ன முதலாளியின் காண்டஸாவுக்கும் அதே 10,000. ஒன்று 650 கிலோ, லிட்டருக்குப் பதினைந்துக்கு மேல். இன்னொன்று 1,200 கிலோ, லிட்டருக்கு எட்டு. வயது மட்டுமே அளவுகோல் என்றால் இரண்டும் சமம் ஆகிவிடுகிறது.

விலையைப் பார்த்தால் இன்னும் கசக்கும். காண்டஸாவைத் தேடி எர்ணாகுளத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள், லட்சங்களில் பேசுகிறார்கள். அவர்களுக்குப் பத்தாயிரம் ஒரு செட் டயர் காசுகூட இல்லை. என் மாருதியை நாற்பதாயிரத்துக்கு யாராவது கேட்டால் நான் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுப்பேன். வண்டி விலையில் கால்பங்கைக் கட்டணமாகக் கட்டு என்றால், கருங்கலில் மீன் வியாபாரம் செய்கிறவனும் கீரிப்பாறையில் ரப்பர் வெட்டுகிறவனும் என்ன செய்வான்? கட்டாமல் ஓட்டுவான், அல்லது ஆக்கர் கடைக்குக் கொடுப்பான். பழைய 800 இன்று அவர்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவு வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும் என்று 2021-ல் விதி வந்திருக்கிறது. முதல் மாருதிக்கே 2033-ல்தான் 50 நிறையும், முதல் காண்டஸாவுக்கு 2034. அதுவும், அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது.

கெட்ட புகை விடுகிற வண்டி ரோட்டில் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைப் புகைக்குழாயில் கருவியை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். தரை ஓட்டையாக இருந்தால் மறுத்து அனுப்புங்கள், பிரேக் பிடிக்காவிட்டால் சாவியையே வாங்கி வையுங்கள். தேறிய பிறகு கட்டணம் வாங்குவதானால் எடையைப் பார்த்து வாங்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் எடை போட்டுத்தானே இருக்கிறது? அதைப் பார்க்கப் புதிதாக ஓர் இயந்திரமும் வாங்க வேண்டாம்.

ஹர்பால் சிங்கின் அந்த முதல் மாருதியைப் பற்றி ஒரு விஷயம். அவர் காலத்துக்குப் பிறகு டெல்லியில் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. கடைசியில் மாருதி கம்பெனியே அதை எடுத்துச் செப்பனிட்டுத் தன் தலைமை அலுவலகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. கம்பெனிக்கு அது ஆக்கர் ஆகவில்லை.

புதுப்பிக்க வேண்டியவர்கள் கவனத்துக்கு: பதிவு முடிகிற தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று கையில் இருக்கட்டும். வண்டியை நேரில் கொண்டுபோக வேண்டும். நாகர்கோவில் டி.என். 74, மார்த்தாண்டம் டி.என். 75, எந்த ஆபீஸ் என்பது உங்கள் முகவரியைப் பொறுத்தது. "15 வருசம் ஆச்சு, இனி புதுப்பிக்க முடியாது, எங்கிட்ட கொடுத்திரு" என்று எந்த புரோக்கர் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிக் கேட்டு, நல்ல ஓட்டத்தில் இருந்த வண்டியை எடைக்குப் போட்டுவிட்டார். கட்டுரையில் வந்த அந்த ஒரு வரிக்கு உங்கள் இதழ் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு இணைப்பிலேயே போட்டால் நல்லது, அதைத்தான் எங்கள் டீக்கடையில் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பி.கு.: கட்டுரையோடு 'மாருதி 800' என்று போட்டு ஒரு படம் வைத்திருந்தீர்கள். அது 800 இல்லை, ஸென். 1993-ல் வந்தது, 993 சிசி, நாலு சிலிண்டர். திருத்தம் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.